ஆடு வாங்கினோம், புல்லை யார் பார்ப்பது?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)

காங்கயம், மூலனூர் பக்கத்துக் குழுக்களிலிருந்து நிறையப் பேர் வந்திருக்கீங்க. உங்க தீர்மான நோட்டைப் புரட்டினால் கறவை மாடு, மேச்சேரி ஆடு என்றுதான் கடன் எழுதியிருக்கு. சந்தோஷம். ஆனால் அந்த ஆடு மேய்கிற கொரங்காட்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

கொரங்காடு தானா வந்த பொட்டல் இல்லைங்க. சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல் என்று நம்ம பெரியவங்க உண்டாக்கி வைத்தது. வேலி ஆட்டை அடைக்க மட்டுமா? புல்லுக்கு ஓய்வு கொடுக்கவும்தான். கொழுக்கட்டைப் புல் வேர் பிடித்தால் வருஷக்கணக்கில் நிற்கும். ஆனால் துளிர்க்கத் துளிர்க்கக் கடித்தால் வேரில் சத்து தீர்ந்து, தூரே செத்துப்போகும். அப்புறம் சீமைக்கருவேல்தான் வரும். மூடாக்கு இல்லாத மண்ணில் மழைத்தண்ணியும் நிற்காது.

"எனக்கு இருக்கிறதே ஒரு குத்தகைக் காடு. அதையும் அடைச்சா ஆட்டை எங்கக்கா ஓட்டறது?" என்பீங்க. நியாயம். தனி ஆளால் முடியாது. ஐந்து பேர் சேர்ந்து, எல்லோர் ஆட்டையும் ஒரே மந்தையாக்கி, காடு மாற்றிக் காடு மேயுங்க. ஒன்றில் மேயும்போது நாலு காடு ஓய்வில் இருக்கும். மேய்க்கிற வேலையும் முறை வைத்துப் பிரியும். எத்தனை நாளுக்கு ஒரு காடு என்று கேட்காதீங்க, பாதிப் புல் மிச்சம் இருக்கும்போதே மாற்றிவிடணும். ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு காட்டை விதை முற்றும்வரை விட்டால், அந்த விதை மொட்டை இடத்துக்கெல்லாம் ஆகும்.

சண்டை வரும் இடம் ஒன்று உண்டு, ஆட்டு எண்ணிக்கை. யாருக்கு எத்தனை என்று சேமிப்பு மாதிரியே நோட்டில் எழுதுங்க. மந்தை சேர்க்கும் முன்னே குடற்புழு மருந்தும் ஆட்டுக்கொல்லித் தடுப்பூசியும் முடிச்சிருக்கணும். ஒருத்தர் ஆட்டு நோய் எல்லோருக்கும் போகும்.

வருஷக் குத்தகை என்றால் யாரும் ஒட்டத்தான் மேய்ப்பாங்க. காடு மொட்டையானால் உடமைக்காரருக்கும் மனை போட்டு விற்கத்தான் தோணும். விற்றபின் நம்ம ஆட்டுக்கடன் என்னாகும்? அதனால் குழுவாகப் போய் மூன்று வருஷத்துக்குக் கேளுங்க. பதிலுக்கு வேலிச் சந்தில் கிளுவைப் போத்து நட்டுத் தர்றோம் என்று சொல்லுங்க.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்க ஊரில் பக்கத்துப் பக்கத்தில் காடு பிடித்திருப்பவங்க யார் யார், யாரிடம் எத்தனை ஆடு என்று எழுதிக்கொண்டு வாங்க. அங்கிருந்து பேசுவோம்.