தந்தியின் மேற்சுற்று

பேஸ் கிடாரின் நாதத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் மரம், பிக்கப், ஆம்ப்ளிஃபயர் என்று எல்லாவற்றையும் அலசுவார்கள். தந்தி மட்டும் கடைசியில், விலை பார்த்து வாங்கும் சாமானாக வந்து நிற்கும். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கட்சி. தந்தி எப்படிச் சுற்றப்பட்டிருக்கிறது என்பது ஒலியை மாற்றுகிறது. வாசிப்பவரின் விரலைப் பழக்கி, வாசிப்பையே மாற்றிவிடவும் செய்கிறது.

வழக்கமான பேஸில் தந்தி அதிரும் நீளம் 34 அங்குலம். அந்த நீளத்துக்குள் தடித்த தந்தி நொடிக்கு 41 முறை அதிர்ந்து அடிச்சுரத்தைத் தர வேண்டுமானால் அது கனமாக இருந்தாக வேண்டும். கனம் வேண்டுமே என்று ஒரே தடித்த எஃகுக் கம்பியைப் போட்டால், அது வளையாமல் விறைத்துக்கொள்ளும். விறைப்பு ஏற ஏற, அடிச்சுரத்தோடு சேர்ந்தொலிக்கும் மேற்சுரங்கள் தமக்குரிய இடத்தை விட்டு மேலே நகர்ந்து, சுருதி கலங்கும். ஆகவே மெல்லிய எஃகுக் கம்பியை நடுவில் வைத்து, அதன்மேல் இன்னொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றுகிறார்கள். இழுப்பைத் தாங்குவது நடுக்கம்பி; எடையைச் சுமப்பது மேற்சுற்று. வீணையின் மந்தர, அனுமந்தரத் தந்திகளிலும் இதே உபாயம்தான்.

மேலே சுற்றுவது உருண்டைக் கம்பியானால் ‘ரவுண்ட் வவுண்ட்’. நாடா போன்ற தட்டைக் கம்பியானால் ‘ஃபிளாட் வவுண்ட்’. உருண்டைச் சுற்றில் விரலை ஓட்டிப் பாருங்கள்: நுண்ணிய வரப்புகள் தட்டுப்படும், ‘சர்’ என்ற உரசலும் கூடவே வரும். மேற்சுரங்கள் ஏராளம், கார்வை நீளம். ஆனால் அந்த வரப்புகளின் இடுக்கில் வியர்வையும் அழுக்கும் இறங்கிவிட்டால் அந்தப் பளிச்சென்ற குரல் மங்கிப்போகும். காசை மிச்சம் பிடிக்கத் தந்தியைக் கழற்றி வெந்நீரில் கொதிக்கவைப்பவர்களும் உண்டு! தட்டைச் சுற்று வழவழப்பானது. பெரும்பாலும் விறைப்பும் அதிகம். உயர்ந்த மேற்சுரங்கள் சட்டென அடங்கிவிட, அடிச்சுரத்தின் ‘தும்’ மட்டும் மிஞ்சும். பழசானாலும் அதன் குணம் அவ்வளவாகக் கெடாது.

டெட்ராய்ட் நகரின் மோடவுன் பாடல்களில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனை எடுத்துக்கொள்வோம். டபுள் பேஸிலிருந்து மின் பேஸுக்கு வந்தவர். 1962 ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் கனமான தட்டைச் சுற்றுத் தந்திகளைப் போட்டிருந்தார், அறுந்தாலொழிய மாற்றமாட்டார். மீட்டியது வலக்கை ஆட்காட்டி விரல் ஒன்றால்தான். ஒலிப்பதிவில் அவரது பேஸைப் பெரும்பாலும் ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்காமல் நேரே பதிவு மேசையில் இணைத்தார்கள். எனவே அந்த ஒலியை ஆம்ப்ளிஃபயர் கணக்கில் எழுத முடியாது. குதிரையருகே இருந்த நுரைப்பஞ்சுதான் காரணம் என்பாரும் உண்டு. கார்வையைக் குறுக்கியதில் பஞ்சுக்குப் பங்கு உண்டுதான். ஆனால் கை இடம் மாறும்போதெல்லாம் உரசல் கேட்காமல் போனதற்குத் தந்தியின் வழவழப்பே காரணம்.

லண்டனில் நேர்மாறான வேட்கை. ‘தி ஹூ’ குழுவின் ஜான் என்ட்விசிலுக்குப் பியானோவின் அடித்தந்திபோல முழங்கும் பேஸ் வேண்டியிருந்தது. 1966இல் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தோடு சேர்ந்து உருண்டைச் சுற்றுத் தந்தியைச் செம்மைப்படுத்தினார். பின்னணியில் கிடந்த பேஸ் முன்வரிசைக்கு வந்தது. அதே வகைத் தந்தியை அமெரிக்க ஜாஸ் பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் மெட்டில்லாத பேஸில் போட்டார். வரப்புள்ள எஃகு வெறும் மரப்பலகையை அரம்போல அராவிவிடும் என்பதால் பலகைமேல் படகுக்குப் பூசும் எபாக்சியைப் பூசினார். வெறும் அலங்காரமாக இருந்திருந்தால் தந்தி வகைக்காக யாராவது வாத்தியத்தையே திருத்தியமைப்பார்களா?

நாதம் விரலில்தான் இருக்கிறது, ஜேமர்சன் எந்தத் தந்தியில் வாசித்தாலும் ஜேமர்சன்தான் என்பது பழைய வாதம். பாதி உண்மை. ஆனால் விரல் வெட்டவெளியில் பழகுவதில்லை. சுரம் தானாக அடங்கும் தந்தியில், அடுத்த சுரத்தை நெருக்கி வைக்கத் துணிவு வருகிறது. நீண்டு ஒலிக்கும் தந்தியிலோ வேண்டாத ஒலியை உள்ளங்கையால் அடக்குவதே தனி வித்தையாகிறது. ட்ரெபிள் குமிழைத் திருகினால் போதாதா என்பது அடுத்த கேள்வி. குமிழ் மேற்சுரங்களைத் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே அளவில் வெட்டும். தட்டைச் சுற்றிலோ அவை மீட்டிய கணத்தில் எழுந்து பிறகு அடங்குகின்றன; காது அந்தத் தொடக்கத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது.

கடைகளில் புதுப் பேஸ் பெரும்பாலும் நிக்கல் பூசிய உருண்டைச் சுற்றோடுதான் வருகிறது. பிக்கப்பை மாற்றப் பணம் சேர்ப்பவர் அதற்குமுன் ஒரு செட் தட்டைச் சுற்றைப் போட்டுச் சில வாரம் வாசித்துப் பார்க்கலாம். அதன் இழுவிசை பெரும்பாலும் கூடுதல். கழுத்து சற்று வளையக்கூடும். மாட்டியபின் உள்ளிருக்கும் இரும்புத் தண்டைத் திருகிச் சரிசெய்துகொள்ளுங்கள்.