பரணில் கிடந்த பழைய பெட்டி

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் ஒரு குழுவின் உறுப்பினர்கள் பேசியது)

நாங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சின்னக் கிராமத்திலிருந்து வருகிறோம். இங்கே பேச எழுந்தால், எவ்வளவு கடன் வாங்கினோம், எப்படிக் கட்டினோம் என்றுதான் வழக்கமாகச் சொல்வோம். இன்றைக்கு ஒரு பரணைக் காலி பண்ணின கதையைச் சொல்லப் போகிறோம். அதிலும் ஒரு கடன் கணக்கு வருகிறது.

எங்கள் குழு 2000ஆம் வருஷம் ஆரம்பித்தது. அப்போது ஊக்குநராக இருந்த அக்காவுக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். அவருடைய ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போட்ட வீடு கட்டப் போகிறார்கள். தை பிறந்ததும் வானம் தோண்ட வேண்டும், அதற்குள் பரண் காலியாக வேண்டும் என்று மார்கழிக் கடைசியில் எங்களைக் கூப்பிட்டார். அவரால் ஏணியில் ஏற முடியாது. திண்ணையில் உட்கார்ந்து, இறக்கி வைக்கிற ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்தார்.

அந்தப் பரணில் என்னதான் இல்லை! நெல் அளந்த மரக்கால், புகை படிந்த உரி, ஓலைக் கொட்டான், கண்ணாடி உடைந்த அரிக்கேன் விளக்கு. கறுத்துப்போன ஒரு பித்தளைக் குடம். அக்காவின் பேரன், "எடைக்குப் போட்டுடலாம் அப்பத்தா" என்றான். புளி போட்டுத் தேய்த்த பிறகு கழுத்தைச் சுற்றி எழுத்துத் தெரிந்தது. அக்காவின் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீராக வைத்தது. மாமன் பேரும் தேதியும் வெட்டியிருந்தது. மாமன் செத்து முப்பது வருஷம் ஆயிற்றாம். அக்கா அதைக் கீழே வைக்கவே இல்லை. பேரனும் அதற்கப்புறம் எடைக்குப் போடுகிற பேச்சை எடுக்கவில்லை.

குடத்துக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி. பார்த்ததும் தெரிந்துவிட்டது, எங்கள் குழுவின் முதல் பெட்டி. பூட்டு துருப்பிடித்திருந்ததால் உடைத்துத்தான் திறந்தோம். வசம்பும் வேப்பிலையும் போட்டு வைத்திருந்ததால் செல் அரிக்கவில்லை. உள்ளே ஒரு பையில் 25 காசுகள். 2011 ஜூனோடு அவை செல்லாமல் போய்விட்டன. எங்களுக்கு அவை முதல் மாதச் சேமிப்புச் சில்லறை. அதோடு ஒரு அறிவொளிப் புத்தகம். 1991, 92இல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ராத்திரி வேலை முடித்துப் போய்ப் படித்தோமே, அது. எங்களில் பாதிப்பேர் சைக்கிள் விடப் பழகினதும் அந்தக் காலத்தில்தான். முழங்கால் தழும்பைக் காட்டிக் காட்டிச் சிரித்தோம்.

அடியில் முதல் கணக்கு நோட்டு இருந்தது. சிலர் கைநாட்டு, சிலர் கையெழுத்து. பக்கம் பக்கமாகப் புரட்டி, கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது எங்கள் சிரிப்பு நின்றுபோயிற்று.

2005 தை மாதம் எங்கள் குழுவிலிருந்து ஒருவர் விலகினார். முறைக்கு எங்களுக்கு அத்தாச்சி. ஆடு வாங்க 1,000 ரூபாய் கடன் எடுத்திருந்தார். அதில் 200 ரூபாய் பாக்கி என்று புது நோட்டு சொன்னது. கட்டிவிட்டேன் என்று அத்தாச்சி சொன்னார். அவருடைய பாஸ்புத்தகம் மழையில் ஊறிப் போயிருந்தது. பழைய நோட்டைப் பாருங்கள் என்றார். அது தணிக்கைக்குப் போனதோடு திரும்பவில்லை என்று நாங்களாகவே முடிவு பண்ணிக்கொண்டோம். யாரும் தேடவில்லை. நிறைந்த கூட்டத்தில் அவரை நிற்க வைத்துக் கேட்டோம். கோழிகளை விற்று 200 ரூபாயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவர், அதற்கப்புறம் எங்கள் யார் வீட்டு விசேஷத்துக்கும் வந்ததில்லை.

கடைசிப் பக்கத்தில் இருந்தது இதுதான்: 200 ரூபாய் வரவு, கடன் முடிந்தது. கீழே அத்தாச்சியின் கையெழுத்து.

நடந்தது இப்போது புரிகிறது. பழைய நோட்டு தீர்ந்து, பாக்கிகளைப் புது நோட்டில் ஏற்றின பிறகு அத்தாச்சி பணம் கட்டியிருக்கிறார். வரவைப் பழைய நோட்டில் எழுதிவிட்டு, புதிதில் ஏற்ற மறந்திருக்கிறது. எழுதினவர் அக்காதான். திண்ணையில் அப்படியே உட்கார்ந்திருந்தார். "ராத்திரி தூக்கக் கலக்கத்துல எழுதுவேன்டீ" என்று மட்டும் சொன்னார். அவரை மட்டும் குற்றம் சொல்ல எங்களுக்கு வாயில்லை. அன்றைக்குக் கை தூக்கினது எல்லோரும்தான்.

பணத்தைத் திருப்பித் தருவதென்று முடிவு பண்ணினோம். குழுவில் அப்போது நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி. 200 ரூபாய்க்கு மாதம் 4, வருஷத்துக்கு 48. இருபது வருஷம் என்று வைத்தாலும் 960. அசலோடு 1,160 ரூபாய். எல்லோரும் கைக்காசு போட்டு எடுத்துக்கொண்டு போனோம். அக்காவைப் பேரன் வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிவந்தான்.

அத்தாச்சி வாங்க என்று சொல்லவில்லை. போங்க என்றும் சொல்லவில்லை. பணத்தை எண்ணி வாங்கி முந்தியில் முடிந்துகொண்டார். "எங்கிட்ட வட்டி போட்டுத்தானே வாங்குனீங்க" என்றார். எங்களுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. நோட்டை வாங்கிக் கையெழுத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அறிவொளியில் கற்றுக்கொண்ட கையெழுத்து, கோடு தாண்டி மேலே ஏறிப் போகும். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னமும் இப்படித்தான் போடுறேன்" என்றார்.

திரும்பக் குழுவுக்கு வாருங்கள் என்று கேட்டோம். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. "அன்னைக்கு எத்தனை பேர் முன்னால என்னைக் கேட்டீங்க? அத்தனை பேரையும் கூட்டி இந்தப் பக்கத்தை வாசிங்க. அதைக் கேக்க வாரேன்" என்றார்.

அன்றைக்கு இருந்த 15 பேரில் இரண்டு பேர் இப்போது இல்லை. ஒருவர் மகனோடு திருப்பூரில் இருக்கிறார். வருகிற செவ்வாய்க்கிழமை கூட்டம் வைத்திருக்கிறோம். திருப்பூருக்குப் போன் போட்டோம். முதல் நாள் ராத்திரியே பஸ் ஏறிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.