ஒரு கொண்டக்டரும் பஸ் நிறைந்த ஆட்களும்

கினிகத்தேனைக்கு என்னை அழைத்திருக்கிறீர்கள். வரவேற்புரையில் என்னைப் பற்றிச் சொன்னதில் பாதியைக் கழித்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளுங்கள். இன்று பட்டம் வாங்கும் பிள்ளைகளே, எனக்குப் பேச்சு உங்களோடுதான்.

குரலை வைத்துப் பிழைத்தவன் நான். வானொலி நாடகம், விளம்பரம், பின்னணிக் குரல், இடையிடையே திரையில் தலைகாட்டும் வேடங்கள். அதனால் அறிவியலும் பொருளாதாரமும் பேசி உங்களைச் சோதிக்கமாட்டேன். என் தொழிலில் நான் ஆசானாக நினைக்கும் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் கே. எஸ். பாலச்சந்திரன்.

1944இல் கரவெட்டியில் பிறந்தவர். உத்தியோகம் இறைவரித் திணைக்களத்தில். பகலில் வரிக் கணக்கு, பொழுது சாய்ந்தால் ஒத்திகை. சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' வானொலித் தொடரில் சோமுவாக வந்து வீட்டுக்கு வீடு பிள்ளையானார். 'வாடைக்காற்று' (1978), 'நாடு போற்ற வாழ்க' (1981) படங்களில் நடித்தார். 'வாத்தியார் வீட்டில்' வானொலி நாடகத்தை எழுதி நடித்தார். பிறகு கனடா போனார். அங்கும் ஓயவில்லை, நாவல்கூட எழுதினார். 2014இல் அங்கேயே காலமானார். இதெல்லாம் தேடினால் கிடைக்கும் விவரம். நான் சொல்ல வந்தது 'அண்ணை றைற்' பற்றி.

அது தனிநடிப்பு. மேடையில் ஒரே ஒரு ஆள், யாழ்ப்பாணத்து பஸ் கொண்டக்டர். வேறு நடிகர் இல்லை, பஸ்ஸும் இல்லை. ஏறுகிறவர், இறங்க மறந்தவர், சில்லறைக்கு மல்லுக்கட்டுகிறவர் என்று ஒருவருடைய குரலும் நமக்குக் கேட்காது. கொண்டக்டர் அவர்களுக்குச் சொல்லும் பதிலை வைத்தே பஸ் நிறைய ஆட்களை நாம் பார்த்துவிடுவோம். எப்படி? அந்தப் பயணி பேசி முடிக்கும்வரை நடிகர் வாயை மூடிக்கொண்டு முகத்தால் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்த இடைவெளி கொஞ்சம் குறைந்தால் பயணி மறைந்துபோவார். கொஞ்சம் கூடினால், ஆள் வசனத்தை மறந்துவிட்டான் என்று சனம் சிரிக்கும். வானொலியில் முகமும் கிடையாது. வெறும் மௌனத்தில் இன்னொரு மனிதரை உண்டாக்க வேண்டும். ஒலிப்பதிவுக் கூடத்தில் பிரதியைப் புரட்டும் சத்தம் மைக்கில் விழுந்தாலே எங்களுக்குத் திட்டு விழும். வாசித்து முடித்த தாளை மெல்ல நழுவவிடவே மாதக்கணக்கில் பழகினோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், பாலச்சந்திரன் செய்தது லேசுப்பட்ட வேலை இல்லை.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அந்தக் கொண்டக்டர் பேசியது அசல் யாழ்ப்பாணத் தமிழ். மற்ற ஊர்க்காரருக்கு விளங்காதே என்று அவர் அதை இளக்கவில்லை. ஹட்டனில் படித்த காலத்தில் எங்கள் லயத்தில் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தோம். யாழ்ப்பாணத்தை எங்களில் ஒருவரும் கண்டதில்லை.

அதே காலத்தில் 'கோமாளிகள்' என்று வானொலியில் ஒரு கூத்து. எஸ். ராமதாஸ் மரிக்காராக வந்து முஸ்லிம்களின் தமிழ் பேசுவார். ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாக யாழ்ப்பாணத் தமிழ். எஸ். செல்வசேகரன் உபாலியாகச் சிங்களம் கலந்த தமிழ். பி. எச். அப்துல் ஹமீத் ஐயராக அக்கிரகாரத் தமிழ். 1976இல் படமாகவும் வந்தது. கடைசிவரை மரிக்கார் ராமதாஸ் என்றே அவரை அழைத்தார்கள். வேடம் பெயரோடு ஒட்டிக்கொண்டது. நானும் ரசிகன்தான். ஆனால் எண்ணிப் பாருங்கள்: நான்கு பேர், நான்கு பேச்சு. நம்முடைய பேச்சு எங்கே?

2012 குடிசன மதிப்பீட்டின்படி மலையகத் தமிழர் 8 இலட்சத்து 39 ஆயிரம் பேர். நுவரெலியா மாவட்டத்தில் அப்போது பாதிக்கு மேல் நாம்தான். இத்தனை பேர் பேசும் தமிழுக்கு ஒரு மரிக்கார் இல்லை, ஒரு 'அண்ணை றைற்' இல்லை. 1975இலேயே தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் 'புதிய காற்று' எடுத்துத் தோட்டத்தைத் திரைக்குக் கொண்டுவந்தார் என்பதை மறந்து பேசவில்லை. நல்ல சிறுகதைகளும் நம்மிடம் நிறைய உண்டு. காதில் நிற்கும் ஒரு பாத்திரம் இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

நான் குரல் தேர்வுக்குப் போன ஓரிடத்தில், "தம்பி, குரல் நல்லாயிருக்கு, இந்தத் தோட்டப் பேச்சைக் கழுவிட்டு வாங்க" என்றார்கள். கழுவினேன். வயிறு இருக்கிறதே! பிறகு யாழ்ப்பாணத்து முதலாளியானேன், காத்தான்குடிக் கடைக்காரரானேன், ஐயரானேன். தோட்டத்து ஆளாக வேடம் வந்தால் மட்டும் தேத்தண்ணி கொண்டுவருகிற வேலைக்காரன். இரண்டு வரி வசனம், அதில் ஒன்று "சரிங்க ஐயா".

நடிப்புக்கும் இந்த மண்ணுக்கும் தூரம் என்று நினைக்காதீர்கள். கீழே கித்துல்கலையில் எடுத்த 'தி பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்தில் நடித்துத்தான் அலெக் கின்னஸ் ஒஸ்கார் வாங்கினார்.

உங்களில் சிலர் ஆசிரியராகப் போவீர்கள், சிலர் வங்கிக்கு, சிலர் கொழும்புக்கு. பாலச்சந்திரனுக்கும் வரிக் கந்தோர் வேலை இருந்தது. வேலையை விடச் சொல்லி உங்களைக் கேட்கவில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் போய் நில்லுங்கள். ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கிலோவைக் கழிக்கும்போது ஒரு அக்கா கணக்கப்பிள்ளையோடு வழக்காடுவதைக் கேளுங்கள். கணக்கப்பிள்ளை மேடைக்கு வரவே வேண்டாம். அந்த அக்காவின் வாயிலேயே அவரும் இருக்கிறார், பெரியதொரையும் இருக்கிறார். கைத்தொலைபேசியில் பதிவுசெய்து வீட்டில் போட்டுக் காட்டுங்கள். தோட்டத்துத் திருவிழா மேடையில் நடியுங்கள். பேச்சை மட்டும் கழுவாதீர்கள்.

பணிப்பாளர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த வருடம் இந்த விழாவில் சிறப்பு விருந்தினரின் நேரத்தில் பத்து நிமிடத்தை வெட்டி, இந்தப் பிள்ளைகளில் ஒருவருடைய தனிநடிப்புக்குக் கொடுங்கள்.