விளையாட ஓர் இடம் விட்டுவைப்போம்

(டிரஸ்ட்டின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

கல்வி உதவி, விதவை உதவி, மருத்துவ உதவி பற்றிய கணக்கைப் பொருளாளர் வாசித்துவிட்டார். அந்த அறிக்கையில் வராத ஒரு விஷயம் உண்டு. நம் மக்தப் மதரஸாவுக்குப் பின்னால் டிரஸ்ட்டுக்குச் சொந்தமான காலி இடம். அதில் வரிசையாகக் கடைகள் கட்டி வாடகைக்கு விடலாம் என்று ஒரு கருத்து. பிள்ளைகள் விளையாட விட்டுவைக்கலாம் என்று இன்னொரு கருத்து. முடிவெடுக்கும் முன் சில செய்திகளை உங்கள் முன் வைக்கிறோம்.

இந்தச் சபையில் ஐம்பதைக் கடந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். திண்டுக்கல் அன்று மதுரை மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமானது 1985-ல்தான். அன்றைக்கு எங்களுக்குப் பூங்கா என்று பெயர்ப்பலகை வைத்த இடம் தேவைப்படவில்லை. மலைக்கோட்டை அடிவாரம் இருந்தது. 1755-ல் ஹைதர் அலி பௌஜ்தாராக வந்து ஆண்ட கோட்டை அது என்று உஸ்தாத் சொல்வார். அவருடைய தங்கை அமீருன்னிஸா பேகம் அடங்கியிருப்பதால்தான் பேகம்பூருக்கு அந்தப் பெயர் வந்தது என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். எங்களுக்கு அது ஒளிந்து விளையாடும் இடம். பகலெல்லாம் வெயில் குடித்த பாறை, அஸருக்குப் பிறகும் காலைச் சுடும். செருப்பில்லாத காலோடு ஓடுவோம்.

மழை பொய்த்த வருடங்களில் குளம் வற்றும். பெரியவர்களுக்கு அது கவலை. குடத்தைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் அலைவார்கள். எங்களுக்கோ வெடித்துக் கிடக்கும் குளத்துத் தரைதான் கிரிக்கெட் மைதானம். தோல் ஷாப்புகளில் தோல் காயப்போடும் களம் ஓய்ந்திருக்கும் நாளில் அங்கே கிட்டிப்புள். நாற்றம் மூக்கைத் துளைக்கும், ஆனால் யாரும் வீட்டுக்குப் போகமாட்டோம். பூட்டுப் பட்டறையில் வேலை பார்ப்பவர் பிள்ளையும் தோல் வியாபாரி பிள்ளையும் ஒரே அணி. பக்கத்துத் தெரு இந்து, கிறிஸ்தவப் பிள்ளைகளும் எங்களோடுதான். இன்றைக்கும் கடைத்தெருவில் பார்த்தால் தோளில் கைபோட்டு, “என்ன மாப்ளே, சுகமா?” என்று கேட்கும் உறவு அந்த மண்ணில் உண்டானதுதான். மஃரிப் பாங்கு கேட்டால் ஆட்டம் நின்றுவிடும். கைகால் கழுவிக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடுவோம். எங்களுக்குக் கடிகாரம் அதுதான்.

பெண்பிள்ளைகளுக்கு அன்றும் அவ்வளவு இடமில்லை. முற்றத்தில் பாண்டி, திண்ணையில் தட்டாங்கல், பல்லாங்குழி. இப்போது முற்றமும் இல்லை, திண்ணையும் இல்லை. வீடுகள் மாடியாகிவிட்டன. தெருவில் பைக் நிற்கிறது, ஆட்டோ நிற்கிறது. கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம்; டிக்கெட் எடுத்துப் பார்த்து வரலாம், பந்து விளையாட முடியாது. அது முறையும்கூட.

பிள்ளைகளுக்கு மிஞ்சியது கைப்பேசி. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது உடலை நன்றாக அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளிக்கூடம், டியூஷன், மதரஸா முடித்து வரும் பிள்ளை அந்த 60 நிமிடத்தை எங்கே போய்க் கழிக்கும்?

விளையாட்டு வீண் என்று சிலர் நினைக்கிறார்கள். நம் நபி (ஸல்) அவர்கள் ஸுஜூதில் இருந்தபோது பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொள்ள, பிள்ளை ஆசை தீர இறங்கும் வரை ஸுஜூதை நீட்டினார்கள். பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலிலேயே ஈட்டி விளையாட்டு ஆடியதைத் தடுக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களைப் பார்க்கவும் வைத்தார்கள். இதைவிட நமக்கு என்ன ஆதாரம் வேண்டும்?

சட்டமும் துணைக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளிகளைப் பாதுகாக்க 1959-லேயே சட்டம் வந்துவிட்டது. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போடுபவர்கள், சாலை போக மிச்சத்தில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. விளையாட்டு குழந்தையின் உரிமை என்று சொல்லும் ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1992-ல் இணைந்தது. ஆகவே மனை வாங்கும்போது பத்திரத்தோடு அங்கீகார வரைபடத்தையும் கேளுங்கள். பூங்கா என்று குறித்த இடம் எங்கே என்று பாருங்கள். அதில் குப்பை கொட்டினாலோ, வேலி போட்டு மறித்தாலோ மாநகராட்சிக்கு எழுத்தில் மனு கொடுங்கள். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு அலுவலகத்தில் நாம் எழுதித் தருகிறோம்.

இனி நம் இடத்துக்கு வருவோம். கடை வாடகை வந்தால் இன்னும் சில விதவைக் குடும்பங்களுக்கு உதவலாம் என்று சொல்பவர்களின் நிய்யத்து நல்லது. அதை லேசாகத் தள்ள முடியாது. ஆனால் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான் பணம் கட்டி விளையாடும் டர்ஃபுக்குப் போக முடியாத பிள்ளைகள். அரிசியும் ஃபீஸும் கொடுக்கும் நாம் அவர்களுக்கு ஓட ஓர் இடமும் கொடுக்க வேண்டாமா? கடையை வேறிடத்திலும் கட்டலாம். கட்டிய பிறகு திடலைத் திரும்ப வாங்க முடியாது.

நிர்வாகக் குழு வைக்கும் யோசனை இதுதான்: ரோட்டைப் பார்த்த முன்பக்கத்தில் மூன்று கடைகள் மட்டும். பின்பக்கம் முழுவதும் திடல். சுற்றிலும் வேம்பும் புங்கனும். வாரத்தில் மூன்று நாள் பெண்பிள்ளைகளுக்கு, தாய்மார்கள் மேற்பார்வையில். மற்ற நாட்கள் பையன்களுக்கு. எந்தச் சமுதாயத்துப் பிள்ளை வந்தாலும் கதவு திறந்திருக்கும். பாங்கு சொன்னால் ஆட்டம் நிற்கும்.

அடுத்த மாதக் கூட்டத்தில் இது ஓட்டுக்கு வருகிறது. சம்மதமோ மறுப்போ, நேரில் வந்து சொல்லுங்கள். வருவதற்கு முன் உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.

நம் சந்ததிகளை உடல் நலமும் ஈமானும் உள்ளவர்களாக அல்லாஹ் ஆக்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.