முத்திரை மரக்கால் எங்கே?

(பள்ளிச் சத்துணவு, மருத்துவப் பரிசோதனை குறித்து அரியலூர் ஜில்லா கல்லங்குறிச்சியில், ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறார்களா என்று கேட்க நான் இங்கு வரவில்லை. போடுகிறார்கள். அந்தச் சோறு எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவாக, ஒரே மரியாதையோடு போய்ச் சேருகிறதா? அதை யார் அளப்பது, எதைக் கொண்டு அளப்பது? இதைப் பேசத்தான் வந்தேன்.

1940-களில் தஞ்சை ஜில்லாவில் பண்ணையாட்கள் சங்கம் வைத்துக் கேட்டவற்றில் ஒன்று முத்திரை மரக்கால். கூலி நெல் அளக்க மிராசுதார் எடுத்து வரும் மரக்கால் சின்னது. ஆனால் கணக்குப் புஸ்தகத்தில் அதுவும் ஒரு மரக்கால்தான்! எழுத்தில் பொய் கிடையாது, மரக்காலில்தான் பொய். அதனால்தான் சர்க்கார் முத்திரை குத்திய மரக்காலால் அள என்றார்கள்.

இன்றைக்குப் பள்ளிக்கூடக் கணக்கில் அப்படி ஒரு மரக்கால் நுழைந்திருக்கிறது. அதன் பெயர் சராசரி.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். ஒரு பள்ளியில் 100 பிள்ளைகள். 90 பேர் சாப்பிடுகிறார்கள். மேலே போகும் தாளில் 90 சதவீதம் என்று எழுதுவார்கள், மேலதிகாரியும் மெச்சுவார். சாப்பிடாத 10 பேர் யார்? காலனியிலிருந்து வருகிற பிள்ளைகள் 20 பேர், அந்த 10 பேரும் அவர்களில்தான் என்று வையுங்கள். அப்போது காலனிக்குக் கணக்கு என்ன? பாதிப் பிள்ளைகள் பட்டினி! பள்ளிக்கு 90, காலனிக்கு 50. தாளில் 50 என்ற எண்ணே கிடையாது. சிமெண்ட் ஆலைத் தோழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மானேஜர் சம்பளத்தையும் காண்டிராக்ட் கூலியையும் சேர்த்து வகுத்துச் சராசரி சொன்னால் நாம் சிரிக்க மாட்டோமா?

சட்டத்தில் குறை அதிகமில்லை. 1920-ல் சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியில் நகரசபை தொடங்கிய சிற்றுண்டி, 1956-ல் காமராஜர் காலத்தில் எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு, பின்னர் கலைஞர் காலத்தில் படிப்படியாக வாரத்துக்கு 5 என்று வளர்ந்த முட்டை, இவையெல்லாம் இந்த நாட்டின் பெருமை. 2001-ல் சுப்ரீம் கோர்ட்டு, வருஷத்தில் குறைந்தது 200 நாள் சமைத்த உணவு தர வேண்டும் என்று எல்லா ராஜ்யங்களுக்கும் உத்தரவு போட்டது. சமையல் வேலையில் தலித், பழங்குடியினருக்கு முன்னுரிமை கொடு என்று 2004-ல் சொன்னது.

உத்தரவு போட்டார்கள். ஊரில் நடந்தது என்ன? 2023 செப்டம்பரில், அதே எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் உசிலம்பட்டி என்ற கிராமத்தில், தலித் பெண் சமைத்தார் என்பதற்காகச் சில வீட்டார் தம் பிள்ளைகளைக் காலை உணவு உண்ண விடவில்லை. கனிமொழி எம்.பி.யும் மந்திரி கீதா ஜீவனும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. நல்ல காரியம். ஆனால் மந்திரி எத்தனை ஊருக்குப் போக முடியும்?

அந்தக் காலைகளில் எத்தனை கிலோ ரவை செலவானது என்று கணக்கு இருக்கும். யார் சமைத்ததை யார் ஒதுக்கினார்கள் என்பதற்குக் கணக்குப் புஸ்தகத்தில் கட்டமே கிடையாது. 2015-ல் ஒன்றிய சர்க்கார் போட்ட விதியைப் பாருங்கள். பள்ளியில் உணவு போடத் தவறினால், பிள்ளைக்குச் சேர வேண்டிய தானியமும் சமையல் செலவும் அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும். சரியான விதி. ஆனால் பிள்ளை தன் இஷ்டப்படி சாப்பிடாமல் இருந்தால் ஒன்றும் கிடையாது. தனியே உட்கார வைத்ததால், ஒரு வார்த்தை குத்தலாகப் பேசியதால் தட்டை மூடி வைத்த பிள்ளையும் தன் இஷ்டப்படி இருந்த பிள்ளையா? அந்த ஒரு சொல்லில் எத்தனை அவமானம் மறைகிறது!

காலை உணவைச் சொன்னேனே, 2022-ல் மதுரையில் தொடங்கி 2023-ல் எல்லா அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கும் வந்தது. வெறும் வயிற்றோடு களையெடுக்கப் போகும் தாய்க்கு அதன் அருமை தெரியும். 2025-ல் நகரத்து உதவிபெறும் பள்ளிகளுக்கு விரித்தபோதும் 5-ம் வகுப்பு வரைதான் என்ற வரம்பு அப்படியே நின்றது. ஒரே குடிசையில் தம்பி சாப்பிட்டான், 6-ம் வகுப்புக்குப் போன அக்காள் வெறும் வயிற்றோடு போனாள். வளரும் வயசுப் பெண். அவளுக்கு ரத்தசோகை மாத்திரை வாரம் ஒன்று உண்டு. மாத்திரையை எதன் மேல் போட்டுக்கொள்வாள்?

மருத்துவப் பரிசோதனைக்கு வருகிறேன். 2013-ல் வந்த திட்டப்படி டாக்டர் குழு பள்ளிக்கு வருஷம் ஒரு முறை வர வேண்டும். கண், பல், இருதயம், வளர்ச்சி எல்லாம் பார்க்க வேண்டும். அன்றைக்கு ஆஜரான பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். கரும்பு வெட்டுக்கோ செங்கல் சூளைக்கோ பெற்றோரோடு போன பிள்ளை அன்று ஆஜர் இல்லை. மிக மெலிந்த பிள்ளை யாரோ, பெரும்பாலும் அவன்தான் பட்டியலில் இல்லாதவன். வந்தவர் அனைவரையும் பார்த்தோம் என்பது உண்மைதான். வராதவனைத் தேடிப் போனோம் என்பதல்லவா நியாயம்?

பார்த்த பிள்ளைக்கும் கதை முடிவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போ என்று சீட்டுக் கொடுக்கிறார்கள். 2022-ல் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. இருந்தும் கூட்டிப் போகிற தாய்க்கு ஒரு நாள் கூலி போகிறது. எத்தனை சீட்டுக் கொடுத்தோம் என்ற எண் வேண்டாம், எத்தனை பிள்ளைக்குக் கண்ணாடி வந்தது, எத்தனை பிள்ளைக்குச் சிகிச்சை முடிந்தது, இந்த எண்ணைக் கொடு என்று கேளுங்கள்.

கேட்க இடம் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். சத்துணவில் சமூகத் தணிக்கை நடத்த வேண்டும் என்பதும் விதி. ஒரு எச்சரிக்கை: பிள்ளைகள் பெயரைச் சந்தியில் வாசிக்கச் சொல்லாதீர்கள், சாதியைச் சொல்லிக் கூப்பிட வைக்காதீர்கள். தெருவாரியாக எண்ணிக்கை போதும். மேலத் தெருவில் எத்தனை பேர், காலனியில் எத்தனை பேர், அவர்களில் சாப்பிட்டவர் எத்தனை, முட்டை வாங்கியவர் எத்தனை, பரிசோதனைக்கு விடுபட்டவர் எத்தனை? கடைசித் தெருவிலிருந்து எண்ணத் தொடங்கச் சொல்லுங்கள்.

சமைக்கிற தாய்மார்கள் மேல் பாய வேண்டாம். பருப்பு, காய், எண்ணெய், விறகுக்கு ஆரம்பப் பள்ளிப் பிள்ளை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 6 ரூபாய் 78 பைசா என்று 2025 மே மாதம் முதல் நிர்ணயித்தவர்கள் டில்லியில் இருக்கிறார்கள். நாம் வாங்கும் ஒரு டீயின் விலைகூட இல்லை. அடுப்படியில் புகை தின்னும் அந்த அம்மாளும் நம் வர்க்கம்தான்; அவருக்கும் சரியான சம்பளம் வேண்டும் என்பதை அதே மனுவில் எழுதுங்கள்.

மே 1-ம் தேதியும் ஆகஸ்டு 15-ம் தேதியும் கிராம சபை கூடும். இரண்டு நாளும் ஆலைக்கும் விடுமுறை. தெருவுக்கு இரண்டு பேராவது வாருங்கள்; தாய்மார்கள் முன்வரிசையில் உட்காருங்கள். கேட்ட கணக்குத் தீர்மானப் புஸ்தகத்தில் ஏறியதா என்று படித்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.