சின்னக் கைக்கும் பிரஷர் பார்ப்போம்



நூற்றாண்டு காணும் நம் பாடசாலையின் பிள்ளைகளில் பலர் இன்று ஆசிரியைகள், தாதியர், தாய்மார். அதனால்தான் மிக அரிதான ஒரு நோயைப் பற்றி இங்கே பேசுகிறோம்.

அடிக்கடி தலைவலி, படபடப்பு, ஹட்டன் குளிரிலும் வியர்வை. பள்ளியில் "பரீட்சைப் பயம்" என்போம், லயத்தில் மந்திரிப்பார்கள். பெரும்பாலும் காரணம் சாதாரணமானதே. மிகச் சிலருக்கு மட்டும், சிறுநீரகத்தின் மேலுள்ள அதிரீனல் சுரப்பியில் வளரும் கட்டி, அட்ரினலின் வகை ஹோர்மோன்களை அளவின்றிச் சுரக்கும். அதன் பெயர் பியோகுரோமோசைட்டோமா.

1886இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் 18 வயதுப் பெண்ணொருவர் இதனால் இறந்ததாகப் பதிவாகியது. அது பரம்பரையாக வந்தது என்பதை அவரது உறவினரின் மரபணு 2007இல் காட்டியது. பிள்ளைகளில் பரம்பரைக் காரணம் அதிகம். ஆகவே குடும்பத்தாரையும் பரிசோதிக்கிறோம்.

முதற்படி, பிள்ளையின் கைக்கேற்ற சிறிய பட்டியைக் கட்டிப் பிரஷர் பார்ப்பது. தொடர்ந்து கூடியிருந்து, இந்த நோயைச் சந்தேகித்தால், குருதியிலோ 24 மணி நேரச் சிறுநீரிலோ மெட்டாநெஃப்ரின் அளவு, பிறகு ஸ்கேன். கட்டியை உடனே வெட்டமாட்டோம். பொதுவாக 1–2 வாரம் அல்ஃபா தடுப்பு மருந்து கொடுத்துப் பிரஷரைத் தணிப்போம். அவசரப்பட்டால் சத்திரசிகிச்சை மேசையிலேயே உயிர் போகலாம். ஆயத்தத்தோடு செய்தால் பெரும்பாலானோர் நலமடைவர். கிளினிக்கை மட்டும் விடக்கூடாது.

டிக்கோயா, நுவரெலியா அரசாங்க வைத்தியசாலைகளில் பிரஷர் பார்க்கப் பணமில்லை. கொழும்பு லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலும் சிகிச்சை இலவசம். ஆனால் கொழுந்து பறிக்கப் போகாத தாய்க்கு அன்றைய பேர் இல்லை. பஸ் காசும் தங்குமிடமும் வேண்டும். அந்தப் பயணத்துக்கு நம் சங்கம் துணை நிற்கட்டும். மலையகப் பள்ளிகளுக்குச் சின்னப் பட்டியோடு பிரஷர் கருவியும் வாங்கிக் கொடுப்போம்.