இந்த எலும்புக்கு வயது என்ன?

 

ஆங்கிலத் துறையும் தொல்லியல் துறையும் இணைந்து துப்பறியும் நாவலுக்கெல்லாம் ஆய்வரங்கம் நடத்துவதா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. அவர்களுக்கு விடையாக ஒரு காட்சியை முன்வைக்கிறேன். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் நார்ஃபோக் மாவட்டம். அங்கே கடலோர உவர் சதுப்பில் ஒரு குழந்தையின் எலும்புகள் கிடைக்கின்றன. பத்தாண்டுகளுக்கு முன் காணாமற்போன சிறுமியாக இருக்குமோ என்ற பதைப்போடு காவல் அதிகாரி ஹாரி நெல்சன், தொல்லியல் விரிவுரையாளர் ரூத் காலவேயைத் தேடி வருகிறார். இந்த எலும்புக்கு வயது என்ன என்பதே அவருக்குத் தெரிய வேண்டும். அவை இரும்புக் காலத்தவை, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை என்று தெரியவருகிறது. காத்திருக்கும் பெற்றோருக்கு அன்றும் விடை கிடைக்கவில்லை.

எல்லி கிரிஃபித்ஸ் என்ற புனைபெயரில் எழுதும் டொமெனிகா டி ரோசா 2009-இல் வெளியிட்ட ‘தி கிராஸிங் பிளேசஸ்’ இப்படித்தான் தொடங்குகிறது. இந்த ரூத் காலவே தொடர் 15 நாவல்களாக வளர்ந்து, 2023-இல் ‘தி லாஸ்ட் ரிமெய்ன்ஸ்’ நூலோடு நிறைவுற்றது. அதன் விதை எழுத்தாளரின் வீட்டிலிருந்தே வந்தது. வேலையை விட்டுத் தொல்லியல் படிக்கப் போன அவருடைய கணவர், நார்ஃபோக் சதுப்பில் நடந்துகொண்டிருந்தபோது ஒரு செய்தி சொன்னார். சதுப்பு என்பது நிலமும் அல்ல, கடலும் அல்ல; அதனால் ஆதி மனிதர் அதை வாழ்வுக்கும் சாவுக்கும் இடைப்பட்ட புனித இடமாகக் கருதினர் என்பதே அது.

தொல்லியலும் கொலையும் கதையில் சேர்வது புதிதன்று. அகதா கிறிஸ்டி 1930-இல் தொல்லியலாளர் மேக்ஸ் மேலோவனை மணந்து, அகழாய்வு முகாம்களில் பல பருவங்கள் வாழ்ந்தவர். அவருடைய ‘மர்டர் இன் மெசபடோமியா’ 1936-இல் வந்தது. எகிப்தியலில் முனைவர் பட்டம் பெற்ற பார்பரா மெர்ட்ஸ், எலிசபெத் பீட்டர்ஸ் என்ற பெயரில் 1975 முதல் அமீலியா பீபடி கதைகளை எழுதினார். கிறிஸ்டியிடம் அகழாய்வுக் களம் கொலை நடக்கும் மேடை. கிரிஃபித்ஸிடம் மண்ணே சாட்சி. ‘தி ஹவுஸ் அட் ஸீஸ் எண்ட்’ நாவலில் கடல் அரித்த பாறைச் சரிவின் அடியில் கைகள் கட்டப்பட்ட ஆறு பேரின் எலும்புகள் வெளிப்படுகின்றன. அவர்கள் ஜெர்மானியர் என்பதை ஐசோடோப்பு ஆய்வு சொல்கிறது. ஒருவர் வளர்ந்த மண்ணின் நீரும் உணவும் அவர் பல்லில் பதிந்திருக்கும் என்ற அறிவியலே அங்கே துப்பு.

கற்பனைக்கு அடியில் உண்மையான நிலம் இருக்கிறது. 1998-இல் நார்ஃபோக்கின் ஹோம் கடற்கரையில் அலை விலகியபோது 55 கருவாலி மரக்கட்டைகள் வட்டமாக நின்றன. நடுவே ஒரு பெரிய அடிமரம் தலைகீழாக நடப்பட்டிருந்தது. அம்மரங்கள் கி.மு. 2049-இல் வெட்டப்பட்டவை என்று மரவளையங்கள் காட்டின. மறு ஆண்டு அவற்றைப் பெயர்த்தபோது உள்ளூராரும், பழங்காலக் கெல்டிய நெறியைப் போற்றும் ட்ரூயிட் வழிபாட்டினரும் எதிர்த்தார்கள். முன்னோர் நட்டதை ஆய்வுக்காகப் பிடுங்கலாமா என்ற அந்த வழக்கு, ரூத்தின் ஆசிரியர் எரிக்காகவும் ட்ரூயிட் நண்பர் கேத்பாடாகவும் முதல் நாவலுக்குள் நுழைந்தது.

எலும்பின் வயது நீதிமன்றம் வரை போன ஓர் உண்மை நிகழ்வையும் சொல்ல வேண்டும். 1983-இல் செஷயரின் லிண்டோ சதுப்பில் கரிமண் வெட்டியவர்களுக்கு ஒரு மண்டையோட்டுத் துண்டு கிடைத்தது. சதுப்பை ஒட்டி வசித்த ஒருவரின் மனைவி இருபதாண்டுகளுக்கு மேலாகக் காணவில்லை. காவலர் கேட்டதும், தானே கொன்றதாக அவர் ஒப்புக்கொண்டார். பிறகு கரிமக் காலக் கணிப்பின் முடிவு வந்தது: அது சுமார் 1,700 ஆண்டுப் பழைய எலும்பு. அவர் வாக்குமூலத்தின்படியே தண்டிக்கப்பட்டார். அந்தப் பெண்ணின் உடல் கிடைக்கவே இல்லை. மண்டையோட்டுக்கு உரியவர் யார், எப்படி இறந்தார் என்று எந்த மன்றமும் விசாரிக்கவில்லை.

நான் இங்கே வற்புறுத்த விரும்புவது இதைத்தான். மற்றத் துப்பறியும் கதைகளில் ‘யார் கொன்றது’ என்பது முதற்கேள்வி. இத்தொடரில் ‘எப்போது’ என்பது முதற்கேள்வி. அதற்கான விடையே இறந்தவரை இரண்டாகப் பிரிக்கிறது. எலும்பு புதிது என்றால் வழக்கு, பழையது என்றால் அருங்காட்சியகம். ரூத் அந்தப் பிரிவினையை ஏற்பதில்லை. நெல்சன் கோப்பை மூடிய பிறகும் அவர் அந்த இரும்புக் காலச் சிறுமியின் அருகில் நிற்கிறார். சதுப்பில் இடப்பட்ட அந்தக் குழந்தைக்கும் ஒரு தாய் இருந்தாள். ஆண்டுகள் கூடுவதால் ஒரு சாவின் கனம் குறைவதில்லை என்பதே இத்தொடரின் அறம். இதைப் படிப்பதற்கு உரியதாக்குவதும் அதுவே.

‘எப்போது’ என்பதற்கு விடை காண, கொலைக் களத்துக்கும் அகழாய்வுக் குழிக்கும் விதி ஒன்றே: பொருளை எடுக்குமுன் அது கிடந்த இடத்தைப் பதிவு செய். 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் ரோமானிய மட்கலங்களை அவை கிடந்த மண்ணடுக்கோடு சேர்த்து வாசித்ததால்தான், அவற்றோடு கிடந்த நம் பானைகளுக்கும் காலம் குறிக்க முடிந்தது. அடுக்கை விட்டுப் பிடுங்கிய பொருளுக்குப் பேச்சு இல்லை.

ஆகவே கட்டுரையாளர்களுக்கு என் வேண்டுகோள். கதைப்பின்னலைச் சுருக்கிச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். நாவலில் வரும் அறிவியல் சரிதானா என்று சோதியுங்கள். தொல்லியலார் இலக்கியத்தாரையும், இலக்கியத்தார் தொல்லியலாரையும் கேள்வி கேளுங்கள். மாணவர்களே, நாளை நீங்கள் ஒரு குழியில் இறங்கும்போது, கையில் எடுப்பது எலும்பாக இருந்தால், அது ஒருவருடையது என்பதை முதலில் நினையுங்கள். வயதைப் பிறகு கேளுங்கள்.

இக்கருத்தரங்கைத் தொடங்கிவைத்து, முதல் அமர்வுக் கட்டுரையாளரை அழைக்கிறேன்.